சூழலியல் என்றால் என்ன? பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்குப் புரியும்படி சொல்ல முடியுமா?

ஒரு போகம் நெல்லைப் பறிகொடுத்த பிறகே இந்தச் சொல்லின் பொருள் எனக்கு விளங்கியது என்பதால் இதற்குப் பதில் எழுதுகிறேன். பாடப்புத்தகங்களில் புல், மான், சிங்கம் என்று உணவுச் சங்கிலியை வரைந்துவிடுகிறார்கள். மதுரைப் பக்கத்துப் பிள்ளை சிங்கத்தை எங்கே போய்ப் பார்க்கும்?

சொல்லின் விளக்கம் சிறியது. 1866இல் எர்ன்ஸ்ட் ஹெக்கல் என்ற ஜெர்மானிய விலங்கியலாளர், வீடு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து இந்தத் துறைக்குப் பெயரிட்டார். உயிர்கள் ஒன்றோடொன்றும், மண், நீர், வெயில், காற்று ஆகியவற்றோடும் கொண்டுள்ள உறவை ஆராய்வது அது.

மேலூருக்கு அருகே பெரியாற்றுப் பாசனத்தில் எங்களுக்கு 2 ஏக்கர் வயல் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், நட்ட ஒரு மாதத்துக்குள் இலைச்சுருட்டுப் புழு விழுந்தது. இளம்பயிர் தேறிவிடும், பொறு என்றார் அப்பா. நான் கேட்காமல், மருந்துக் கடையில் கொடுத்ததை வாங்கி இருமுறை அடித்தேன். புழு ஒழிந்தது. ஆனால் கதிர் பால்பிடிக்கும் நேரத்தில் வயலின் நடுவே வட்டமாக ஒரு திட்டு பழுத்து, சில நாள்களில் தீயில் கருகியதுபோலச் சாய்ந்தது. தூரை விலக்கிப் பார்த்தால், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, அரிசியைவிடச் சிறிய பழுப்புப் பூச்சிகள் தண்டே தெரியாதபடி அப்பியிருந்தன. புகையான். ஒரு சிலந்திகூடக் கண்ணில் படவில்லை.

புகையான் தன் முட்டையை இலையுறையின் திசுவுக்குள் செருகி வைப்பதால் மருந்து அதை எட்டுவதில்லை. வெளியே ஓடித் திரிந்து அதைத் தின்னும் சிலந்தியும், அதன் முட்டையை உறிஞ்சும் நாவாய்ப்பூச்சியும் முதலில் மடிகின்றன. பிறகு பொரித்து வரும் குஞ்சுகளைக் கேட்பாரில்லை. போதாக்குறைக்கு நான் நெருக்கி நட்டு, யூரியாவையும் கூட்டிப் போட்டிருந்தேன். தூரில் வெயில் விழாமல் ஈரம் தங்கியது. பயிர்ச்சாறும் புகையானுக்கு ஏற்றதாகியது. உயிரோடு உயிருக்கும், உயிரோடு இடத்துக்கும் உள்ள உறவு என்று புத்தகம் சொல்வது இதைத்தான்.

மருந்தே கூடாது என்று நான் வாதிடவில்லை; கடன் வாங்கி நட்டவனின் பதற்றம் எனக்குத் தெரியும். ஆனால் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரையே, சிலந்தி இல்லாத வயலில் தூர்க்கிளைக்கு, அதாவது தூரிலிருந்து கிளைக்கும் ஒவ்வொரு தண்டுக்கும், 1 புகையான் தென்பட்டால் மருந்து அடிக்கவும், குத்துக்கு, அதாவது ஓரிடத்தில் நட்ட நாற்றுக் கொத்துக்கு, 1 சிலந்தி இருந்தால் தூர்க்கிளைக்கு 2 புகையான் வரை பொறுக்கவும் சொல்கிறது. இதை அன்றைக்கு எனக்கு ஒருவரும் சொல்லவில்லை என்ற ஆற்றாமை இன்னும் இருக்கிறது. இப்போது 8 அடிக்கு ஓரடி பட்டம், அதாவது நடாத இடைவெளி, விட்டு நடுகிறோம். தூரைப் பார்க்காமல் தெளிப்பானைத் தொடுவதில்லை.

மார்கழியில் உங்கள் மகளை விடிந்ததும் ஒரு நெல்வயலுக்கு அழைத்துச் செல்லுங்கள். வலை கட்டும் சிலந்திகளைப் பனித்துளி காட்டிக்கொடுக்கும். ஓநாய்ச் சிலந்தி வலை கட்டாது. குத்தை மெல்ல விரித்தால், முதுகு நிறையக் குஞ்சுகளைச் சுமந்தபடி அது தண்ணீரின்மேல் ஓடுவதைப் பார்க்கலாம்.