அந்நியர் குடியிருப்பும் பங்கும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒரு கோவிலையும் அதைச் சார்ந்த மக்களையும் கொண்ட கத்தோலிக்கப் பங்கைக் குறிக்கும் ‘பரோக்கியா’ என்ற லத்தீன் சொல் கிரேக்கத்திலிருந்து வந்ததென்றும், அங்கே ‘அந்நியராகக் குடியிருத்தல்’ என்பதே அதன் பொருளென்றும் படித்தேன். தலைமுறை தலைமுறையாகத் திருமுழுக்கும் திருமணமும் அடக்கமும் நடக்கும் கோவிலுக்கு இப்பெயர் எப்படிப் பொருந்தும்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் படித்தது சரியே. கிரேக்க நகரங்களில் குடியுரிமையின்றி வாழ்ந்தவரைப் ‘பரொய்கொஸ்’ என்றனர். சாராவை அடக்கம் செய்ய நிலம் கேட்கும் ஆபிரகாம் (தொடக்கநூல் 23:4), விவிலியத்தின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் தன்னை அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார். இரண்டாம் நூற்றாண்டில், ஆயர் பொலிகார்ப்பு கொல்லப்பட்டதை அறிவிக்கும் மடலை, சிற்றாசியாவின் ஸ்மிர்னா நகரக் கிறிஸ்தவர்கள், ‘ஸ்மிர்னாவில் அந்நியராய்த் தங்கியிருக்கும் கடவுளின் சபை, பிலொமேலியத்தில் அந்நியராய்த் தங்கியிருக்கும் சபைக்கு’ என்றே தொடங்குகிறார்கள். அதே வாக்கியத்தில் எங்குமுள்ள சபைகளைப் ‘பரொய்கியா’க்கள் என்கிறார்கள், நிலையைச் சொன்ன சொல் அமைப்பின் பெயராக மாறுவதை அங்கே காணலாம்.

லத்தீன்காரர்களுக்கு இதன் பொருள் தெரியாமலில்லை. 120ஆம் திருப்பாடலின் ஐந்தாம் வசனத்தில் கிரேக்கம் ‘பரொய்கியா’ என்னுமிடத்தில், லத்தீன் விவிலியமான வுல்காத்தா ‘இன்கொலாத்துஸ்’ (குடியிருப்பு) என்று மொழிபெயர்த்து, பரதேச வாசம் நீண்டுபோனதே என்ற புலம்பலைக் காப்பாற்றியது. திருச்சபை அமைப்பின் பெயருக்கு மட்டும் கிரேக்க ஒலியை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். மொழிபெயர்த்திருந்தால் ஒவ்வொரு முறை உச்சரிக்கும்போதும் பொருள் உறுத்தியிருக்கும்; ஒலியாக வந்ததால் நிலமும் எல்லையும் சேரச்சேர யாருக்கும் உறுத்தவில்லை என்பது என் கணிப்பு. முதலில் ஆயரின் ஆட்சிப்பகுதி முழுவதையும் சுட்டிய சொல், பிறகு நாட்டுப்புறக் கோவிலுக்கும் அதைச் சார்ந்த மக்களுக்கும் இறங்கி வந்தது. (நடுவில் ஒலிக்கும் ‘க்க’ வேறொரு சொல்லின் பாதிப்பு: ‘பரோக்குஸ்’ என்பவர் அரசுப் பணியில் பயணம் செய்வோருக்கு விறகும் உப்பும் தரவேண்டியவர் என்று ரோமக் கவிஞர் ஹொராசின் கவிதையில் வருகிறது.)

நம்மவர் ஒலியையும் எடுக்கவில்லை, பொருளையும் எடுக்கவில்லை. கத்தோலிக்கர் ‘பங்கு’ என்றும், தென்னிந்தியத் திருச்சபையினர் ‘சேகரம்’ என்றும் வைத்துக்கொண்டார்கள். பொருத்தமின்மை பற்றிய உங்கள் கேள்விக்கு 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பையே காட்டலாம். அதன் லத்தீன் மூலம் கிரேக்கத்துக்கு நெருக்கமான ‘பரொயெக்கியா’ என்ற எழுத்துக்கூட்டலையே கையாள்கிறது. ஆனால் 515ஆம் விதி அதை ‘நிலையாக நிறுவப்பட்ட’ நம்பிக்கையாளர் குழுமம் என்று வரையறுக்கிறது.