சின்ன யாக்கோபின் கேள்வி

அன்புள்ள அண்ணனுக்கு, ஸ்தோத்திரம்.

இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் 'தி சோசன்' தொடரின் மூன்றாம் சீசனில், பன்னிரண்டு சீஷர்களில் ஒருவனான, காலை விந்தி நடக்கும் சின்ன யாக்கோபு இயேசுவிடம் தன்னை ஏன் இன்னும் சுகமாக்கவில்லை என்று கேட்கும் காட்சியைப் பார்த்து அழுதுவிட்டேன். என் தம்பிக்கும் பிறவியிலேயே ஒரு கால் சரியில்லை. சின்ன வயதில் அவனைச் சுகமளிக்கும் கூட்டங்களுக்கெல்லாம் கூட்டிக்கொண்டு போவோம். சுகம் கிடைக்காதபோது "விசுவாசம் பத்தாது" என்பார்கள். இந்தக் காட்சியை வாலிபர் கூட்டத்தில் போட்டுக் காட்ட ஆசை. எங்கள் சபை மூப்பரோ, வேதத்தில் இல்லாததை இயேசுவின் வாயில் வைப்பது பாவம் என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஒரு சகோதரி, திருநெல்வேலி

அன்புள்ள தங்கைக்கு,

மூப்பரின் பயம் நியாயமானதுதான். வேதம் வாசித்துப் பழகாத பிள்ளைகள், இயேசு உண்மையிலேயே இப்படிப் பேசினார் என்று நம்பிவிடலாம். அந்த உரையாடல் சுவிசேஷத்தில் இல்லை. அந்த யாக்கோபுக்குக் கால் ஊனம் என்றும் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. தொடரை எடுத்தவர்கள் இதை மறைக்கவும் இல்லை. பின்கதைகளும் வசனங்களும் சேர்க்கப்பட்டிருக்கின்றன, சுவிசேஷங்களை வாசியுங்கள் என்று தொடக்கத்திலேயே எழுத்தில் போட்டுவிடுகிறார்கள்.

கற்பனையே கூடாது என்றால் தேம்பாவணியையும் மூடி வைக்க வேண்டும். சுவிசேஷங்களில் இயேசுவை வளர்த்த யோசேப்பு பேசியதாக ஒரு வார்த்தைகூடக் கிடையாது. வீரமாமுனிவர் அந்தக் காவியத்தில் அவரையே தலைவனாக்கி 3,615 பாடல்கள் பாடியிருக்கிறார். அதனால் யாருடைய விசுவாசமும் கெட்டுப்போகவில்லை. சேர்த்தது வேதத்தோடு ஒத்துப்போகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இந்தக் காட்சி எந்த இடத்தில் வருகிறது என்று கவனித்தீர்களா? சீஷர்களை இரண்டிரண்டு பேராக அனுப்பி, வியாதியஸ்தரைச் சுகமாக்கும் அதிகாரத்தையும் கொடுத்த பிறகு வருகிறது. மாற்கு 6-ஆம் அதிகாரத்தில் அனுப்பப்பட்டவர்கள் எண்ணெய் பூசிச் சொஸ்தமாக்கினார்கள் என்று வாசித்துவிட்டு நாம் அடுத்த வசனத்துக்குப் போய்விடுவோம். போனவர்களில் ஒருவனே சுகமில்லாதவனாக இருந்திருந்தால்? தன் காலை இழுத்துக்கொண்டே போய் இன்னொருவனை எழுந்து நட என்று சொல்ல வேண்டியிருந்தால்? அந்தச் சங்கடத்தோடுதான் யாக்கோபு தனியாக வந்து நிற்கிறான். கேட்கவும் கூச்சப்படுகிறான். நடிகர் ஜோர்டன் வாக்கர் ராஸ் அந்த நடையை நடித்துக் காட்டவில்லை. அவருக்கு லேசான பெருமூளை வாதமும் முதுகெலும்பு வளைவும் உண்டு. அவர் நடையே யாக்கோபின் நடையாகிவிட்டது. அதனால்தான் அந்தக் கேள்வி நம்மை அப்படிக் குத்துகிறது.

கேள்வி கற்பனை என்றாலும் அதன் வேர் வேதத்திலேயே இருக்கிறது. 2 கொரிந்தியர் 12-இல் பவுல், 'மாம்சத்தில் ஒரு முள்' என்று தான் சொன்ன உபாதை நீங்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டார். கிடைத்த பதில் "என் கிருபை உனக்குப்போதும்" என்பதுதான். எத்தனையோ பேரைக் குணமாக்கிய அதே பவுல், தன்னோடு ஊழியம் செய்த துரோப்பீமுவை வியாதியோடு மிலேத்துவில் விட்டுவந்தேன் என்று தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். துரோப்பீமுவுக்கு விசுவாசம் பத்தவில்லை என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. உங்கள் தம்பியிடம் அப்படிச் சொன்னவர்கள் அந்த வசனத்தை ஒரு தரம் வாசித்திருக்கலாம்.

எனக்கு அந்தக் காட்சியில் ஒரு குறை உண்டு. கேள்வி வரைக்கும் பிரமாதம். பதில் நீளம். சுகமானால் உன்னிடம் சொல்ல ஒரு நல்ல கதை இருக்கும், சுகமாகாமலேயே தேவனைத் துதித்தால் அது அதைவிடப் பெரிய கதை என்ற பொருளில் இயேசு விளக்கிக்கொண்டே போகிறார். அந்த ஒருவனை நன்றாக அறிந்தவர், தனியாக, அவன் கேட்டதற்காகச் சொல்கிற பதில் அது. அந்த இடத்தில் அது சரி. நாம் அதை எடுத்துக்கொண்டு போய்ப் படுக்கையில் கிடக்கிற எல்லாரிடமும் "தேவன் உங்களை இதற்காகவே தெரிந்துகொண்டார்" என்று சொல்ல ஆரம்பித்தால், "விசுவாசம் பத்தாது" என்பதைப் போல அதுவும் இன்னொரு சுமையாகிவிடும். வலிக்கிறவனுக்கு, வலியை வைத்துச் சாட்சியும் சொல்ல வேண்டிய கட்டாயம் வந்துவிடும்.

அதனால் தாராளமாகப் போட்டுக் காட்டுங்கள். மூப்பரையும் கூப்பிடுங்கள். முதலில் மாற்கு 6, அப்புறம் காட்சி, அப்புறம் 2 கொரிந்தியர் 12. இது சுவிசேஷத்தில் இல்லாத உரையாடல் என்று பிள்ளைகளிடம் மூப்பரே சொல்லட்டும். அவர் சொன்னால் எடுபடும். யாராவது "எங்க அம்மாவுக்கு ஏன் சுகம் கிடைக்கல?" என்று கேட்டால் அவசரமாகப் பதில் சொல்லி அடைக்காதீர்கள், கேட்கவிடுங்கள்.

முக்கியமாக, அன்றைக்கு உங்கள் தம்பியை எழுப்பிச் சாட்சி சொல்லச் சொல்லாதீர்கள். முந்தின நாளே அவரிடம் காட்சியைக் காட்டி, இதைப் போடலாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

அன்புடன்,
அண்ணன்