பல் வைத்தியர் நம்முடைய படத்தைப் பேஸ்புக்கில் போடலாமா?

கேள்வி இதுதான்: சிகிச்சைக்கு முன், பின் என்று எடுத்த பல் படங்களை வைத்தியர் தன் பேஸ்புக் பக்கத்தில் போடுவது சரியா? நோயாளி மனதாரச் சம்மதித்தால் போடலாம், இல்லாவிட்டால் கூடாது.

நோயாளியின் அந்தரங்கம் காப்பது என்று இதைச் சொல்வார்கள். அதாவது சிகிச்சைக்காகத் தெரியவந்த எதையும், அவரைக் கேட்காமல் வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது. வாயைத் திறந்து காட்டுவதே வைத்தியரை நம்பித்தான்; அந்த நம்பிக்கை போனால் ஆட்கள் வெற்றிலைக் கறையையும் சூத்தைப் பல்லையும் மறைத்துக்கொண்டு வலி முற்றும்வரை வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். அடகுக் கடையை நினைத்துப் பாருங்கள், நாம் வைத்த தாலிக்கொடியைக் கண்ணாடிப் பெட்டியில் மாட்டி இன்னார் வைத்தது என்று கடைக்காரர் காட்டினால் விடுவோமா?

சரி, சம்மதம் எப்படி வாங்குவது? ஊசி போட்டு உதடு மரத்து, கதிரையில் சாய்ந்து கிடக்கும்போது "ஒரு படம் எடுக்கட்டா அக்கா?" என்று கேட்டால் யார்தான் மறுப்பார்? அது சம்மதமே இல்லை. முன்கூட்டியே, எழுத்தில், எங்கே போடப்போகிறார் என்று சொல்லிக் கேட்க வேண்டும். அப்புறம் வேண்டாம் என்றால் எடுத்துவிடவும் வேண்டும். இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் உடல்நலத் தகவலைக் கூடுதல் கவனத்தோடு கையாள வேண்டிய விசேட வகையில்தான் சேர்த்திருக்கிறது.

கண்ணை மறைத்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது, காத்தான்குடியிலோ கல்முனையிலோ சாய்ந்த முன்பல்லையும் உதட்டோர மச்சத்தையும் கண்டாலே பக்கத்து வீட்டாருக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும்.