விளையாட்டு மீன்பிடிப் படகு கட்டிய பழைய அமெரிக்கக் கம்பெனிகள் தரம் கெட்டதால்தான் மூடினவா?

இல்லை.

"தரத்தைக் கோட்டைவிட்டார்கள், அதனால்தான் ஒவ்வொன்றாக மூடிவிட்டார்களாமே" என்று கேட்டிருக்கிறீர்கள். இது நீங்களாக யோசித்த கருத்தாக இருக்காது. ஒரு பழைய படகை விலை பேசிக்கொண்டிருப்பீர்கள். புதுப் படகை உங்கள் தலையில் கட்டப் பார்க்கும் தரகர் யாராவது சொல்லியிருப்பார். அவர் பிழைப்பு அவருக்கு. ஆனால் அந்தப் படகுகளைக் கையால் செய்தவர்களில் நானும் ஒருவன். இதைப் படித்துவிட்டுச் சும்மா கடந்துபோக முடியவில்லை.

தெற்கு நியூ ஜெர்சியில் இப்படிப்பட்ட ஒரு பட்டறையின் பைபர் (கண்ணாடி இழை) பிரிவில் வேலை பார்த்தேன். 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு அது மூடும்வரை அங்கேதான் இருந்தேன். பெயர் வேண்டாம், என்னோடு வேலை பார்த்த பலர் இன்னும் அதே ஊர்களில் வசிக்கிறார்கள்.

எந்தப் படகைப் பற்றிப் பேசுகிறோம் என்பது மற்றவர்களுக்கும் தெரிய வேண்டும். முப்பதிலிருந்து ஐம்பது அடி நீளம், வயிற்றுக்குள் இரண்டு இன்ஜின், உள்ளே படுக்கையும் சமையலறையும், மேலே நின்று ஓட்டுவதற்கு ஒரு மேடை, பின்னால் மார்லின் மீனையும் சூரையையும் இழுத்துப் போடத் தாழ்வான தளம். இந்த வடிவத்தின் தாய்வீடு புளோரிடா. வெஸ்ட் பாம் பீச்சில் ரிபோவிச் குடும்பம் 1947-ல் கட்டிய 'மிஸ் செவி 2' என்ற மரப்படகைத்தான் முன்னோடி என்பார்கள். 1960-ல் மயாமியிலிருந்து பஹாமாஸ் தீவுகளின் நசாவ் நகருக்கு நடந்த பந்தயத்தில், கடல் கொந்தளித்த நாளில், ரிச்சர்ட் பெர்ட்ரமின் 'மோப்பி' என்ற படகு எட்டு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது. போட்டியாளர்களில் பலர் மறுநாள்தான் கரை கண்டார்கள். ரே ஹண்ட் வரைந்த ஆழமான 'வி' வடிவ அடிப்பாகம் அலையைப் பிளந்துகொண்டு போனதுதான் காரணம். அந்த மரப்படகை வைத்து எடுத்த அச்சில் பிறந்ததுதான் பெர்ட்ரம் கம்பெனியின் 31 அடிப் படகு, 'பெர்ட்ரம் 31'. மொத்தம் 1,800-க்கும் மேல் வார்த்தார்கள். அதே 1960-ல் வட கரோலினாவின் ஹை பாயின்ட் என்ற ஊரில், கடல் வாடையே இல்லாத மரச்சாமான் ஊரில், வில்லிஸ் ஸ்லேன் தன் ஹாட்டெரஸ் கம்பெனியின் முதல் படகை 41 அடியில் பைபரில் கட்டி இறக்கினார்.

எங்கள் நியூ ஜெர்சிக் கதை இன்னும் நெருக்கமானது. பைன் பாரன்ஸ் காட்டில் வெண்தேவதாரு கிடைக்கும், பக்கத்திலேயே முல்லிகா ஆறு, அது போய்ச் சேருவது அட்லாண்டிக். 1946-ல் எக் ஹார்பர் கம்பெனி தொடங்கியது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான ரஸல் போஸ்ட் பிரிந்துபோய்த் தன் பெயரிலேயே ஒரு கம்பெனி வைத்தார். பேஸ்மேக்கர் படகுகளைக் கட்டிய லீக் குடும்பம் 1977-ல் ஓஷன் யாட்ஸைத் தொடங்கியது. 1964-ல் ஹீலி சகோதரர்கள் வாங்கிய சிறிய பட்டறை வைக்கிங் ஆனது. எல்லாம் காரில் சிறிது நேரத்தில் சுற்றி வந்துவிடக்கூடிய தூரம். அப்பா ஒரு கம்பெனியில், மகன் எதிர்க்கம்பெனியில், மச்சான் இன்னொன்றில். எனக்கு வேலை கற்றுக்கொடுத்த பெரியவர் இவற்றில் மூன்று இடங்களில் உழைத்தவர்.

அவரிடம் கற்றதைச் சொன்னால்தான் தரத்தைப் பற்றி நான் ஏன் கோபப்படுகிறேன் என்று புரியும். அச்சுக்குள் கண்ணாடி இழைப் பாயை விரித்து, ரெசின் என்ற பிசினை ஊற்றி, வரிவரியாகப் பள்ளம் போட்ட உலோக உருளையால் தேய்ப்போம். உள்ளே காற்று நின்றால் அந்த இடம் பால்போல் வெளுத்துத் தெரியும். தேய்க்கத் தேய்க்க வெண்மை விலகி, பாய் கண்ணாடியாகத் தெளியும். ரெசின் சூடேறி இறுகுவதற்குள் இதை முடிக்க வேண்டும்; ஆகஸ்ட் மாத வெயிலில் அவகாசம் பாதியாகக் குறைந்துவிடும். காய்ந்த பிறகு பெரியவர் ஒரு நாணயத்தை எடுத்துக்கொண்டு அடிப்பாகம் முழுக்கத் தட்டிக்கொண்டே போவார். கணீரென்று கேட்டால் நடந்துகொண்டே இருப்பார். மொத்தென்று கேட்டால் பென்சிலால் வட்டம் போட்டுவிட்டு என்னைப் பார்ப்பார். அந்த வட்டத்தை அரைத்து எடுத்துவிட்டு மறுபடி போட வேண்டும். எத்தனை மணியானாலும் சரி.

இப்படிச் செய்த படகு மக்குவதில்லை, கரையான் அரிப்பதில்லை. இங்கேதான் எங்களுக்குச் சிக்கலே வந்தது. மரப்படகு காலத்தில் பழைய படகுகள் மக்கிப்போகப் போகப் புதுப்படகு வாங்க ஆள் வந்துகொண்டிருந்தார்கள். பைபர் வந்த பிறகு, முந்தைய தலைமுறை கட்டிய படகு எங்கள் புதுப்படகுக்குப் போட்டியாகச் சந்தையில் நின்றது. ஒரு வாடிக்கையாளர் புதிதாக ஆர்டர் கொடுக்கும் எண்ணத்தோடு பட்டறைக்கு வந்தார். எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தார், விலையைக் கேட்டார், நன்றி சொல்லிப் போனார். அடுத்த கோடையில் அவரே திரும்பி வந்தபோது, எங்கள் பட்டறையே எண்பதுகளில் கட்டிய படகு ஒன்றில் புது டீசல் இன்ஜின்களைப் போட்டு ஓட்டி வந்திருந்தார். பின்தள மூடி ஒன்று வேண்டும், பழைய அச்சு இருக்கிறதா என்று கேட்டார். பெரியவர் அந்தப் படகின் பக்கவாட்டைத் தட்டிப் பார்த்து, "இது என் கை" என்றார். அவர் முகத்தில் அவ்வளவு பெருமை. அதே மாதம்தான் எங்களில் சிலரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

அதற்கும் முன்பே ஒரு பெரிய அடி விழுந்திருந்தது. நான் சேருவதற்கு முந்தைய கதை, ஆனால் பட்டறையில் தினமும் யாராவது பேசுவார்கள். 1991 ஜனவரியில் ஆடம்பர வரி வந்தது. ஒரு லட்சம் டாலருக்கு மேற்பட்ட படகுக்கு, கூடுதல் தொகையில் 10 சதவீதம். ஐந்து லட்சம் டாலர் படகென்றால் வரி மட்டும் நாற்பதாயிரம். பணக்காரர் அதைக் கட்டவில்லை; வாங்குவதை நிறுத்திவிட்டார், அவ்வளவுதான். தெருவுக்கு வந்தது மணிக்கூலிக்காரர்கள். ஆயிரத்துக்கும் அதிகமானவர்கள் வேலை பார்த்த வைக்கிங்கில் நூறு பேர்கூட மிஞ்சவில்லை. 1993 ஆகஸ்டில் அந்த வரியை எடுத்தார்கள். அதற்குள் பல பேர் கூரை வேலைக்கும் அட்லாண்டிக் சிட்டி சூதாட்ட விடுதிகளுக்கும் போய்விட்டிருந்தார்கள். போன கைகள் எல்லாம் திரும்பவில்லை. அப்போது பொருளாதார மந்தமும் சேர்ந்திருந்தது என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான், நான் மறுக்கவில்லை. பணக்காரர்களின் விளையாட்டுச் சாமானுக்காகக் கண்ணீரா என்றும் கேட்பார்கள். நான் பேசுவது அதை வாங்கியவரைப் பற்றி அல்ல, செய்தவரைப் பற்றி.

சம்பந்தமில்லாத ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன், மன்னிக்கவும். அமெரிக்காவில் படகுப் பட்டறையில் வேலை என்று எழுதியபோது, ஊரில் என் அப்பா அதை யாரிடமும் அப்படியே சொன்னதில்லை. "கப்பல் இன்ஜினீயர்" என்றுதான் சொல்வார். பெரியப்பா நேரடியாகவே கேட்டார்: "கம்ப்யூட்டர் வேலை கிடைக்கவில்லையாடா?" எனக்குப் பெண் பார்த்தபோதும், இங்குள்ள தமிழர் கூட்டங்களிலும் இதே கேள்விதான். கைவேலை என்றால் நம்மவர்களுக்கு ஏன் இவ்வளவு இளக்காரம்? கடலில் ஐந்தாள் உயிரைத் தாங்கும் ஒரு பொருளைப் பிழையில்லாமல் செய்வது எந்த மென்பொருளுக்கும் குறைந்ததில்லை. பட்டறை மூடியபோது "நல்லதாகப் போயிற்று, இனிமேலாவது உருப்படியாக ஏதாவது பார்" என்று ஆறுதல் சொன்னவர்கள் உண்டு. அது இன்னும் ஆறவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வகைப் படகுக்குக் கடைசி அடியைக் கொடுத்தது, படகின் பின்னால் வெளியே தொங்கும் அவுட்போர்டு இன்ஜின். ஒரு காலத்தில் அது சின்னப் படகுக்குரியது. 2007-ல் யமஹா 350 குதிரைத்திறனில் கொண்டுவந்தது. 2021-ல் மெர்க்குரி 600-க்குப் போய்விட்டது. நாற்பதடித் திறந்த படகின் பின்னால் நான்கு இன்ஜின்களைத் தொங்கவிட்டால், எங்கள் பழைய டீசல் படகு போகும் வேகத்தைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கில் போகலாம். இன்ஜின் கெட்டால் கழற்றிவிட்டு வேறு மாட்டலாம். தளத்தை அறுக்க வேண்டியதில்லை. விடியற்காலையில் கிளம்பி எண்பது மைல் போய் மீன் பிடித்துவிட்டு மாலையில் மகளின் கால்பந்து ஆட்டத்துக்கு வந்துவிடலாம். இரவு கடலிலேயே தங்கி, சமைத்துச் சாப்பிட்டு, மறுநாள் திரும்பிய குடும்பங்களின் வழக்கம் குறைந்தது. அதனால் எங்கள் பிழைப்பாக இருந்த முப்பத்தைந்து, நாற்பதடிப் படகுகள் நடுவில் மாட்டிக்கொண்டன. அதற்கும் பெரிதை வாங்குபவர் அறுபது, எழுபதடிக்குப் போய்விட்டார்.

வைக்கிங் மட்டும் எப்படி நிற்கிறது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அந்தக் குடும்பம் வரிக் காலத்தில் சொந்தப் பணத்தைப் போட்டுத் தாங்கியது, படகுக்கு வேண்டிய பெரும்பாலானவற்றைத் தானே செய்கிறது, பெரிய படகுகளுக்கு ஏறிப்போனது. ஓஷன் யாட்ஸின் பழைய பட்டறையும் இப்போது அவர்களிடம்தான் இருக்கிறது. பெர்ட்ரமும் ஹாட்டெரஸும் அப்படி ஒரே கையில் இல்லை. பெர்ட்ரம் 1998-ல் இத்தாலியின் ஃபெரெட்டி குழுமத்துக்குப் போய், 2015-ல் மறுபடி கைமாறியது. ஹாட்டெரஸ் பல முதலாளிகளைப் பார்த்துவிட்டது. ஒவ்வொரு முதலாளியும் வரும்போது புதுத் திட்டம். போகும்போது அனுபவப்பட்டவர்களில் பாதிப்பேரையும் காணோம். இது என் கணிப்பு. அங்கே வேலை பார்த்தவர்கள் மறுத்தால் கேட்டுக்கொள்வேன்.

நீங்கள் பார்த்து வைத்திருக்கும் படகுக்கு வருவோம். நன்றாகக் கட்டிய அடிப்பாகம் பெரும்பாலும் உங்களைவிட அதிக நாள் இருக்கும். மேல்தளத்தைச் சோதியுங்கள்: பைபருக்கு நடுவே பால்சா என்ற லேசான மரம் வைத்திருந்தால், திருகாணி போட்ட இடங்களில் தண்ணீர் இறங்கி ஊறியிருக்கலாம். எரிபொருள் தொட்டி பழைய அலுமினியம் என்றால் அரித்திருக்கலாம். அப்படியிருந்தால் அதை மாற்றப் பின்தளத்தை அறுத்துத் திறக்க வேண்டிவரலாம், அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். தரகர் கொண்டுவரும் பரிசோதகர் வேண்டாம். நீங்களே பணம் கொடுத்து ஒருவரை அமர்த்துங்கள். அவர் ஈரமானியோடு வந்தாலும், சுத்தியலோ நாணயமோ வைத்து முழுவதையும் தட்டிப் பார்க்கிறாரா என்று கூடவே நின்று கவனியுங்கள்.