நாட்டுப்புறக் கைவினைப் பொருட்கள் வீட்டிலேயே: கேள்வி – பதில்

கேள்வி: அக்கா, பாலைத் திரித்துச் சுண்ணாம்பு கலந்து பெயின்ட் செய்தேன். முக்காலிக்கு அடித்துக் காய்ந்ததும் செதில் செதிலாக உரிந்து வந்துவிட்டது. முக்காலியில் பழைய வார்னிஷ் இருந்தது. அளவு தப்பா, மரம் தப்பா?

பதில்: வார்னிஷ்தான் காரணம். பால் பெயின்ட் மரத்துக்குள் இறங்கிப் பிடிக்கிற வகை. மேலே படலமாக ஒட்டிக்கொண்டு நிற்காது. மரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். ஒரு நிமிடத்தில் உறிஞ்சினால் அடிக்கலாம். முத்தாக உருண்டு நின்றால் 80, 120 எண் உப்புத்தாள்களால் வெறும் மரம் தெரியும்வரை தேய்க்க வேண்டும். வார்னிஷ் இல்லாவிட்டாலும் மெழுகோ எண்ணெயோ ஏறிய மரத்தில் இதே கதைதான்.

அளவையும் சொல்லிவிடுகிறேன், பலர் இதில் தடுமாறுகிறார்கள். கொழுப்பு நீக்கிய பால் 1 லிட்டர். கை பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவந்து 80 முதல் 100 மில்லி வினிகர் ஊற்றி அரை மணி நேரம் அசைக்காமல் விடுங்கள். திரிந்ததைத் துணியில் வடித்து, புளிப்பு வாசம் போகும்வரை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசுங்கள். அலசாமல் விட்டால் மிச்சமிருக்கும் அமிலம் சுண்ணாம்பைத் தின்றுவிடும், பசை உருவாகாது. பிறகு திரியல் 5 பங்கு, முதல் நாள் இரவே நீரில் ஊறிக் குழைந்த நீர்த்த சுண்ணாம்பு 1 பங்கு, இரண்டையும் கலந்து நன்றாக மசியுங்கள். கால் மணி முதல் அரை மணி நேரத்தில் கட்டிகள் கரைந்து பளபளப்பான கூழாகும். பாலில் உள்ள கேசின் புரதம் சுண்ணாம்போடு சேர்ந்து பசையாவதைத்தான் அப்போது பார்க்கிறீர்கள். அந்தப் பளபளப்பு வராமல் நிறப்பொடியைப் போடாதீர்கள்.

நிறப்பொடியைத் தனியே தண்ணீரில் குழைத்துச் சேர்க்க வேண்டும். செங்காவி, மஞ்சள் காவி, அம்பர் எனும் பழுப்பு மண், கரி, அல்ட்ராமரீன் நீலம் ஆகியவை சுண்ணாம்பைத் தாங்கும். பிரஷ்யன் நீலம் தாங்காது, பழுப்படித்துவிடும். ஒரு துண்டுப் பலகையில் அடித்துக் காய்ந்த பின் விரலால் தேய்த்துப் பாருங்கள். கையில் நிறம் ஒட்டினால் பொடி அதிகம், அல்லது தண்ணீர் அதிகம். மெல்லிதாக இரண்டு அல்லது மூன்று கை அடிக்கலாம். கலந்த அன்றே தீர்த்துவிடுங்கள். மறுநாள் கெட்டியாகிப் பிடிப்பை இழந்துவிடும். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து, கண்ணாடியும் கையுறையும் போடாமல் தொட வேண்டாம்.

கேள்வி: கொழுப்பு நீக்காத பாலில் செய்தால் என்ன ஆகும்?

பதில்: கொழுப்பு சுண்ணாம்போடு சேர்ந்து சோப்பாகிவிடும், அந்த அளவுக்குப் பிடிப்பு குறையும். வேறு வழியே இல்லையென்றால் பாலைக் காய்ச்சி ஆறவைத்து ஆடையை இரண்டு முறை எடுத்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: மேடம், அலமாரிக்குத் தேய்ந்துபோன பழைய தோற்றம் கொண்டுவர உப்புத்தாளால் ஆங்காங்கே தேய்த்தேன். பழசு மாதிரி இல்லை, சிரங்கு பிடித்த மாதிரி இருக்கிறது. எங்கே தவறு?

பதில்: "ஆங்காங்கே" என்பதில்தான். மரச்சாமான் தானாகத் தேய்வது கை படும் இடத்திலும் கால் இடிக்கும் இடத்திலும்தான். குமிழைச் சுற்றி ஒரு கை அகலம், கதவின் திறக்கும் பக்க விளிம்பு, இழுப்பறையின் மேல் விளிம்பு, கால்களின் அடிப்பகுதி, துடைப்பம் இடிக்கும் கீழ்ச்சட்டம், மேல்பலகையின் முன்முனை. கதவுப் பலகையின் நடுவில் யாரும் கை வைப்பதில்லை. அங்கே தேய்த்தால் கண் உடனே பொய் என்று கண்டுபிடித்துவிடும். கீல் பக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

உப்புத்தாளைவிட மெழுகு எளிது. அடிநிறம் அடித்து நன்றாகக் காய்ந்ததும், தேய வேண்டிய விளிம்புகளில் மட்டும் வெள்ளை மெழுகுவத்தியை அழுத்தி ஓட்டுங்கள். மேல்நிறம் ஒரு கை அடித்து, காய்ந்தவுடன் மழுங்கிய கத்தியின் முதுகால் சுரண்டினால் மெழுகு பட்ட இடம் மட்டும் பெயர்ந்து வரும். அடிநிறமும் மேல்நிறமும் கண்ணுக்கு நன்றாக வேறுபட வேண்டும். கறுப்புக்கு மேல் பச்சை, செங்காவிக்கு மேல் வெள்ளை போன்றவை நன்றாக இருக்கும். வெளிர் சாம்பலுக்கு மேல் வெள்ளை அடித்தால் இவ்வளவு வேலையும் வெளியே தெரியாது. கடைசியில் 220 எண்ணால் ஒரு முறை மெதுவாகத் தடவி, பொடியைத் துடைத்துவிட்டு மெழுகு பூசுங்கள்.

ஒரு எச்சரிக்கை: நிஜமாகவே பழைய சாமான் என்றால் அதன் பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். சோதிக்காமல் உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். அந்தத் தூசி குழந்தைகளுக்கு மிகக் கெடுதல்.

கேள்வி: பசை தடவி, மேலே பெயின்ட் அடித்தால் வெடிப்பு விழும் என்றார்கள். எனக்கு ஒரு வெடிப்பும் விழவில்லை.

பதில்: பசை முழுக்கக் காய்ந்த பிறகு அடித்திருப்பீர்கள். மேல் படலம் காயும்போது சுருங்குகிறது. அடியில் உள்ள பசை இன்னும் இளகலாக இருந்தால்தான் படலம் அதன் மேல் வழுக்கிப் பிளக்கும். வெள்ளைப் பசையைத் தடவி, விரல் வைத்தால் ஒட்டவேண்டும், ஆனால் விரலில் ஈரப்பசை வரக்கூடாது என்கிற கட்டத்தில் மேல்நிறம் அடியுங்கள். தண்ணீரில் கலக்கும், பளபளப்பில்லாத பெயின்ட் மட்டுமே. ஒரே இழுப்பு. அடித்த இடத்துக்குத் திரும்பப் போனால் பசையும் பெயின்ட்டும் கலந்து கூழாகிவிடும்.

பசை தடிமனாக இருந்தால் பெரிய பிளவு, மெல்லிதாக இருந்தால் நுண்ணிய வலை. தூரிகை போகும் திசையில்தான் வெடிப்பு ஓடும். எல்லாத் திசையிலும் வேண்டுமென்றால் ஸ்பாஞ்சால் ஒற்றுங்கள். பொருளைப் படுக்கவைத்தே செய்ய வேண்டும். மேலே காப்புப் பூச்சு தண்ணீரில் கரையும் வகையாக இருந்தால் பசை மறுபடி இளகிவிடும், ஸ்ப்ரே வார்னிஷை லேசாக இரண்டு மூன்று முறை விடுவது நல்லது.

கேள்வி: வெள்ளை அடித்த பலகையில் ஒரு வாரத்தில் மஞ்சள் வட்டங்கள் வந்துவிட்டன. மேலே இன்னும் இரண்டு கை அடித்தும் போகவில்லை.

பதில்: இருபது கை அடித்தாலும் போகாது. கணுவில் உள்ள பிசினும் மரத்தின் சாயமும் பெயின்ட்டின் நீரில் கரைந்து மேலே ஏறுகின்றன. மெழுகு நீக்கிய ஷெல்லாக் எனும் அரக்குப் பூச்சைக் கணுக்களில் இரண்டு கையும் மீதிப் பரப்பில் ஒரு கையும் அடித்துவிட்டு அதன் மேல் வெள்ளை அடியுங்கள்.

கேள்வி: புதுப் பலகைக்கு மழையில் நனைந்து வெளுத்த சாம்பல் நிறம் வேண்டும். பெயின்ட் இல்லாமல் முடியுமா?

பதில்: முடியும். நுண்ணிய ஸ்டீல் வுல் (இரும்பு நார்) ஒரு உருண்டையைச் சோப்புப் போட்டுக் கழுவி எண்ணெயைப் போக்குங்கள். எண்ணெய் இருந்தால் கரையாது. பிய்த்து அரை லிட்டர் வெள்ளை வினிகரில் போட்டு 1 முதல் 3 நாள் விடுங்கள். மூடியை இறுக்க வேண்டாம். தீப்பிடிக்கும் ஹைட்ரஜன் வாயு வெளியேறும், அதனால் அடுப்புக்கு அருகிலும் வைக்காதீர்கள். துணியில் வடிகட்டிப் பலகையில் தடவினால் பத்து நிமிடத்திலிருந்து நிறம் மாறத் தொடங்கும்.

நிறம் தருவது மரத்தில் உள்ள துவர்ப்பான டானினும் இந்த இரும்பும் சேர்ந்து. பைன் போன்ற மரத்தில் டானின் குறைவு என்பதால் முதலில் கெட்டியான தேயிலைச் சாற்றைத் தடவிக் காயவைக்க வேண்டும். சாறு திட்டாக இருந்தால் நிறமும் திட்டாகவே வரும். ஓக் மரத்தில் நேராகத் தடவினால் கறுத்தே போய்விடும், கரைசலுக்கு நாலு மடங்கு தண்ணீர் விட்டுத் தொடங்குங்கள். வெட்டிய துண்டு ஒன்றில் சோதிக்காமல் பெரிய பலகையில் கை வைக்காதீர்கள், இந்த நிறத்தைத் திரும்ப எடுக்க முடியாது.

கேள்வி: சரக்கு ஏற்றும் பேலட் பலகைகளை உடைத்து அலமாரி செய்யலாமா? மருந்து அடித்திருப்பார்கள் என்கிறார்கள்.

பதில்: முத்திரையைப் பாருங்கள். எச்.டி. (HT) என்றிருந்தால் மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸில் தொடர்ந்து 30 நிமிடம் சூடாக்கப்பட்டது என்று பொருள், தாராளமாக எடுங்கள். எம்.பி. (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, வீட்டுக்குள் வேண்டாம். முத்திரையே இல்லாததையும், எண்ணெய்க்கறையோ ரசாயன வாடையோ உள்ளதையும் ஒதுக்குங்கள். சின்னச் சின்னத் துளையிலிருந்து மாவு கொட்டினால் வண்டு இருக்கிறது. ஆணியைப் பிடுங்கினால் பலகை பிளக்கும். இடுக்கில் இரும்பறுக்கும் வாளை விட்டு ஆணியை அறுத்துவிடுங்கள், தலை அப்படியே நிற்கும். அந்தத் துருப்பிடித்த தலைகள்தான் அலமாரிக்கு அழகு.

கேள்வி: அக்கா, முதலில் சொன்ன பால் பெயின்ட்டை வெளியே மாட்டும் பெயர்ப்பலகைக்கு அடிக்கலாமா? மழை படும் இடம்.

பதில்: நேர் மழைக்கு அது வேண்டாம். வெளிமரத்துக்கு மாவுப் பெயின்ட் இருக்கிறது. ஸ்வீடனில் ஃபாலுன் செம்புச் சுரங்கத்துச் செம்மண் நிறத்தைக் கொண்டு மரவீடுகளுக்கு அடிக்கும் சிவப்பும் இந்த வகைதான். தண்ணீர் 1 லிட்டர், கோதுமை போன்ற தானியமான ரை மாவு அல்லது கோதுமை மாவு 80 கிராம், செங்காவி அல்லது மஞ்சள் காவி 300 கிராம், அன்னபேதி எனப்படும் இரும்பு சல்பேட் 30 கிராம், ஆளிவிதை எண்ணெய் 125 மில்லி, திரவ சோப்பு 2 தேக்கரண்டி.

மாவைக் கொஞ்சம் குளிர்ந்த நீரில் கரைத்து, கொதிக்கும் மீதி நீரில் ஊற்றிக் கால் மணி நேரம் கிண்டுங்கள். காவியும் அன்னபேதியும் போட்டு இன்னொரு கால் மணி. எண்ணெய் ஊற்றி மறுபடி கால் மணி. இறுதியில் சோப்பு. அதுதான் எண்ணெயை நீரோடு பிரியாமல் வைக்கிறது. கெட்டியானால் வெந்நீர் விட்டு இளக்கலாம். அன்னபேதி பூஞ்சணத்தைத் தடுக்கும், அதைக் குறைக்காதீர்கள்.

இழைக்காத, வாள் அறுத்த சொரசொரப்போடு இருக்கும் பலகைக்கே இது பிடிக்கும். இழைத்துப் பளபளவென்றிருந்தால் 60 எண் உப்புத்தாளால் சொரசொரப்பாக்குங்கள். நேர்வெயிலில் அடிக்க வேண்டாம், ஒரு நாள் இடைவெளியில் இரண்டு கை. இது காலப்போக்கில் உரியாது, பொடியாகத்தான் உதிரும். அதனால் மறுபடி அடிக்கும்போது சுரண்ட வேண்டியதில்லை, பிரஷால் தேய்த்துவிட்டு மேலேயே அடிக்கலாம். இந்த ஒரு குணத்துக்காகவே எனக்கு இதைவிடப் பிடித்த வெளிப்பூச்சு வேறில்லை.

ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். எண்ணெய் காயும்போது தானே சூடேறி, சுருட்டிய துணி தீப்பற்றும். விரித்து வெளியில் காயப்போடுங்கள் அல்லது தண்ணீரில் முக்கிவையுங்கள்.

கேள்வி: பூ வேலைப்பாட்டில் துளி வடிவ இதழ் வரைய வரவில்லை. வால் கூராக முடியாமல் மழுங்குகிறது.

பதில்: வட்டத் தூரிகையை நிமிர்த்திப் பிடித்து, முடிகள் விரியும்வரை அழுத்தி ஒரு கணம் நிறுத்துங்கள், அதுதான் தலை. பிறகு இழுக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கிக்கொண்டே வர வேண்டும், கடைசியில் ஒரு முடி மட்டும் பரப்பில் நிற்க வேண்டும். வால் மழுங்குகிறது என்றால் தாமதமாகத் தூக்குகிறீர்கள். வால் இரண்டாகப் பிளந்தால் பெயின்ட் கெட்டி, ஒரு சொட்டுத் தண்ணீர் சேருங்கள். விரலை மட்டும் அசைக்காமல் முழுக்கையும் நகரட்டும், சுண்டுவிரல் பலகையில் ஊன்றியிருக்கட்டும். வெறும் மரத்தில் வரையாதீர்கள், ரேகை தூரிகையை இழுக்கும். அடிநிறம் இரண்டு கை அடித்து 400 எண்ணால் வழவழப்பாக்கிய பரப்பு வேண்டும். நார்வேயின் ரோஸ்மாலிங் எனும் நாட்டுப்புறப் பூ ஓவியங்களைக் கவனித்தால், எவ்வளவு சிக்கலான கொடியும் ஆங்கில சி, எஸ் எழுத்துகளின் வளைவுகளாகவே பிரிந்து நிற்கும். இதழுக்கு முன் அந்த இரண்டு வளைவையும் பழைய செய்தித்தாளில் பக்கம் பக்கமாகப் போட்டுக் கை பழகுங்கள்.

கேள்வி: பழந்துணியைப் பின்னி நீள்வட்ட மிதியடி தைக்கிறேன். நடுவில் கிண்ணம் போலக் குழிகிறது. இன்னொரு சந்தேகம், நடுப்பின்னல் எவ்வளவு நீளம் எடுக்க வேண்டும்?

பதில்: முடிந்த மிதியடியின் நீளத்திலிருந்து அகலத்தைக் கழியுங்கள். 90க்கு 60 சென்டிமீட்டர் வேண்டுமென்றால் நடுப்பின்னல் 30 சென்டிமீட்டர். நீளம் தப்பினால் வடிவம் முழுக்கத் தப்பும்.

குழிவதற்குக் காரணம் வளைவில் வெளிச்சுற்றுக்கு நீளம் போதவில்லை. இரண்டு முனை வளைவிலும் வெளிப்பின்னலின் ஒரு கண்ணியை ஆங்காங்கே விட்டுவிட்டு அடுத்ததில் கோர்க்க வேண்டும், நேர்ப்பகுதியில் விடக்கூடாது. ரொம்ப விட்டால் ஓரம் அலையாக நெளியும். ஊசியைத் துணிக்குள் குத்தாமல் பின்னலின் கண்ணிகளுக்குள் மட்டும் விடுங்கள், மழுங்கிய ஊசி நல்லது. மடியில் வைத்துத் தைத்தால் குழிவது தெரியவே தெரியாது, மேசையில் பரப்பித்தான் தைக்க வேண்டும். குழிந்த சுற்றுவரை பிரித்துவிடுங்கள். அயர்ன் பண்ணிச் சரியாக்கலாம் என்று பார்க்காதீர்கள், ஒரு வாரத்தில் மறுபடி எழும்பும். துணிப்பட்டை 4 சென்டிமீட்டர் அகலம், பின்னல் நீளத்தைப் போல் ஒன்றரை மடங்கு. எல்லாத் துணியையும் முதலிலேயே துவைத்துச் சுருக்கிவிடுங்கள்.

கேள்வி: தகரத்தில் வெட்டிய நட்சத்திரங்களுக்குத் துரு ஏற்ற முடியவில்லை. உப்புத் தண்ணீரில் ஒரு வாரம் போட்டும் அப்படியே இருக்கிறது.

பதில்: துத்தநாகம் பூசிய தகடாக இருக்கும். அந்தப் பூச்சு போகாமல் இரும்பு துருப்பிடிக்காது. வினிகரில் ஒரு இரவு ஊறவைத்துத் தேய்த்தால், சாம்பல் பூப்போட்ட பளபளப்பு போய் மங்கல் கறுப்பு தெரியும். பிறகு 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 2 கோப்பை, வினிகர் 4 மேசைக்கரண்டி, உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி கலந்து, திறந்தவெளியில் கையுறையோடு தெளியுங்கள். சில நிமிடத்திலேயே சிவக்கும். காயவிட்டு மறுபடி தெளித்தால் நிறம் ஆழமாகும். மிச்சக் கலவையை மூடிவைக்காதீர்கள், வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கும். போதிய நிறம் வந்ததும் தண்ணீரில் அலசி, முழுக்க உலர்ந்த பிறகு மேட் வார்னிஷ் ஸ்ப்ரே செய்தால் சுவரிலும் துணியிலும் கறை ஒட்டாது.