12 என்றால் 12 என்ன?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி கிணற்றுத் தண்ணீரைப் பற்றியவை. மற்றப் பாதி உயர்தரப் பிள்ளைகளுடையவை. சோதனை நெருங்குகிறது போல.

கொதிக்கும்போது தண்ணீர் ஐதரசனாகவும் ஒட்சிசனாகவும் பிரிந்துதானே ஆவியாகிறது? (மாணவர், கோண்டாவில்)

அப்படியென்றால் கேத்திலுக்குப் பக்கத்தில் நெருப்புக்குச்சி தட்டப் பயப்பட வேண்டும், தம்பி. விடுபடுவது மூலக்கூறுகளுக்கு இடையிலுள்ள ஐதரசன் பிணைப்பு; மோலுக்கு ஏறத்தாழ 20 கிலோயூல். மூலக்கூறுக்குள் இருக்கும் பங்கீட்டுப் பிணைப்புக்கு 460 கிலோயூல் வரை வேண்டும். அடுப்பு அதைத் தொடாது. விடைத்தாளில் அலகை மறக்காதீர்கள்.

கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவது உப்பா? (மானிப்பாய்)

கறியுப்பு இல்லை, கல்சியம் காபனேற்று. நம் நிலத்தின் சுண்ணாம்புக்கல் இருகாபனேற்றாகக் கரைந்து வந்து, சூட்டில் காபனீரொட்சைட்டை விட்டுவிட்டுப் படிகிறது. தேசிக்காய்ப் புளியில் ஊறவிடுங்கள், நுரைத்துக் கழன்றுவிடும்.

கிணற்றுத் தண்ணீரைச் சோதித்தோம். நைத்திரேற்று 12 என்று வந்தது. 50 வரை பயமில்லையாம். கொதிக்க வைத்துக் கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கலாமா? (சுன்னாகம்)

12 என்ன? லீற்றருக்கு 12 மில்லிகிராம் என்றே வைத்துக்கொள்வோம். அது நைத்திரேற்றா, நைத்திரேற்றிலுள்ள நைதரசன் மட்டுமா? உலக சுகாதார நிறுவனத்தின் 50 என்பது முழு நைத்திரேற்றுக்கு. நைதரசனாக எழுதினால் அதே எல்லை 11 சொச்சம்தான். நைத்திரேற்றின் திணிவு 62, அதிலுள்ள நைதரசனுடையது 14. ஆகவே ஏறக்குறைய 4.4 ஆல் பெருக்க வேண்டும். உங்கள் 12 நைதரசன் என்றால் 53. எல்லையைத் தாண்டியாயிற்று! எனக்கே ஒருமுறை அலகில்லாத துண்டொன்று தந்தார்கள். கேட்டால், "வழமையானதுதான் சேர்" என்று பதில். வழமை ஓர் அலகில்லை.

அடுத்தது கொதிக்க வைப்பது. கிருமி சாகும், சரி. நைத்திரேற்று ஆவியாகாது, தண்ணீர்தான் போகும். 40 மில்லிகிராம் நைத்திரேற்று உள்ள ஒரு லீற்றரை முக்கால் லீற்றராக வற்றவிட்டால், லீற்றருக்கு 53 ஆகிவிடும். கைக்குழந்தையின் வயிற்றில் அது நைத்திரைற்றாக மாறி, ஈமோகுளோபினை ஒட்சிசன் காவ முடியாமல் செய்யும். பிள்ளை நீலம் பாயும். உங்கள் வலிகாமத்தில் செம்மண் படை மெல்லியது, கீழே வெடிப்பு விழுந்த கல். தோட்டத்துக்குப் போட்ட யூரியாவும் மலசலகூடக் குழியும் நைத்திரேற்றாகக் கிணற்றுக்கு வர அதிக நேரம் எடுக்காது. அலகைக் கேட்டு அறியும்வரை அந்தத் தண்ணீரில் பால் கரைக்க வேண்டாம்.

எண்ணெய் முனைவற்றது (மின்னேற்ற முனைகள் இல்லாதது) என்பதால்தானே மிதக்கிறது? (மாணவி, அச்சுவேலி)

கலக்காதது அதனால். மிதப்பது அடர்த்தி குறைவென்பதால். இரண்டையும் ஒரே வரியில் எழுதிப் புள்ளியை இழக்காதீர்கள்.

கருப்பணி முட்டிக்குச் சுண்ணாம்பு ஏன்? (பருத்தித்துறை)

பனஞ்சாற்றில் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு சுக்குரோசு. சும்மா விட்டால் மதுவம் (ஈஸ்ற்) சில மணி நேரத்தில் அதைக் கள்ளாக்கிவிடும். சுண்ணாம்பின் காரத்தில் மதுவம் அடங்கிக் கிடக்கும். அதோடு, சாறு புளித்தால் சுக்குரோசு குளுக்கோசும் பிரக்டோசுமாகப் பிளந்து, பனங்கட்டி இறுகாமல் கையில் ஒட்டும்.

சீனிக் கரைசலில் 5 எடுத்து பெனடிக்ற் சோதனை செய்தேன். நீலம் மாறவில்லை. சோதனைப்பொருள் பழுதா? (மாணவர், சாவகச்சேரி)

பழுதில்லை. பெனடிக்ற் காட்டுவது குளுக்கோசு போன்ற தாழ்த்தும் வெல்லங்களை; சீனி சுக்குரோசு, அது தாழ்த்தும் வெல்லம் அல்ல. ஐதான ஐதரோகுளோரிக் அமிலத்துடன் கொதிக்கவிட்டுப் பிளந்து, அப்பச்சோடாவால் நடுநிலையாக்கிவிட்டு மறுபடி செய்யுங்கள். செங்கல் நிறம் வரும். அப்புறம், அந்த 5 என்ன தம்பி, மில்லிலீற்றரா, கரண்டியா?