பல்லாங்குழியில் ஜெயிக்கிறவனுக்குக் கணக்கு வராதா?

அன்புள்ள அக்கா,

மகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வளர்ப்பது பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த தைரியத்தில்தான் போன ஜூனில் என் மகனைப் பள்ளியிலிருந்து நிறுத்தினோம். இப்போது எட்டு வயது. காலையில் எழுந்ததும் பழைய டேபிள் ஃபேனைக் கழற்றுவான், மாட்டுவான். மத்தியானம் என் மாமியாருடன் பல்லாங்குழி. பாதி நாள் அவன்தான் ஜெயிக்கிறான். ஆனால் இன்னும் எழுத்துக்கூட்டிக்கூடப் படிக்க வரவில்லை. வாய்ப்பாடு கேட்டால் ஓடிவிடுகிறான். அதே வயதுள்ள என் தங்கை மகள் இங்கிலீஷ் புத்தகமே படிக்கிறாள். "புள்ளைய வீட்ல வெச்சுக் கெடுக்கறே, அவனுக்கு ஒரு கணக்கு தெரியுதா?" என்று மாமியார் தினமும் கேட்கிறார். குழந்தை தானாகக் கற்றுக்கொள்ளும் என்று நம்பத்தான் ஆசை. ராத்திரியில் தூக்கம் வருவதில்லை. நாளைக்குப் பத்தாவது எழுத முடியாமல் போனால் என்னைத்தானே கேட்பான்?

ச., திருப்பூர்

அன்புள்ள ச.,

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். என் எழுத்தை நம்பி ஒரு முடிவு எடுத்திருக்கிறீர்கள். அதில் எனக்கும் பொறுப்பு உண்டு.

பத்தாவது பயத்தை முதலில் முடித்துவிடலாம். தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் 1989 முதல் இருக்கிறது. 14 வயது நிரம்பினால் அதன் வழியாகப் பத்தாவது எழுதலாம். பள்ளிக்கே போகாத பிள்ளைகள் பலரும் அந்த வழியில்தான் போகிறார்கள். சட்டத்தையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 2009-ன் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் அது சொல்லவில்லை. வீட்டிலேயே கற்பது பற்றியும் பேசவில்லை. யாராவது கேட்டால் பதற்றப்படாமல் பேச இது உதவும்.

அப்புறம், கண், காது இரண்டையும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். எழுத்துகள் அவனைக் குழப்புகின்றன, பார்த்தாலே முகம் வாடுகிறது என்று தோன்றினால் டிஸ்லெக்சியா, அதாவது எழுத்தைப் படிப்பதில் வரும் சிரமம், இருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம். நம்பிக்கை என்ற பேரில் இதைத் தள்ளிப்போட வேண்டாம். எல்லாம் சரியாக இருந்தால், எட்டு வயதில் படிக்க வராததற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

என் மகள் சரளமாகப் படித்தது ஒன்பது வயதில். அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்திய வருடம் வீட்டில் ஒரு கோழி அடையில் உட்கார்ந்தது. 11 முட்டை. பொரிய 21 நாள் ஆகும் என்று சொன்னதும் அவளே ஒரு ஏற்பாடு செய்துகொண்டாள். தினம் காலையில் நாள்காட்டித் தாளைக் கிழித்து, அடைக்கூடைக்குப் பக்கத்தில் கல் வைத்து அடுக்குவாள். 13 தாள் சேர்ந்த அன்று எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "21-ல 13 போனா எத்தனை கண்ணு?" என்றேன். சட்டென்று எழுந்து போய்விட்டாள். சாயங்காலம் அப்பாவிடம், "இன்னும் எட்டு நாள்தான்ப்பா" என்று அவளே சொன்னாள்.

அன்றைக்கு அவள் ஓடியது கணக்கைக் கண்டு பயந்து ஓடியதில்லை. அவள் காரியத்தை நான் பரீட்சையாக்கிவிட்டேன். அமெரிக்காவில் பள்ளி ஆசிரியராக இருந்து, பின்னால் பள்ளியில்லாக் கல்வியைப் பற்றி எழுதிய ஜான் ஹோல்ட் கவனித்ததும் இதைத்தான். கேள்வி விழுந்ததும் பிள்ளைகள் கணக்கை விட்டுவிட்டு ஆசிரியரின் முகத்தில் விடை தேடினார்கள். வாய்ப்பாடு கேட்டதும் உங்கள் மகன் ஓடுவதை அப்படிப் பாருங்கள்.

எட்டுக் குஞ்சு வந்தது. மூன்று கூமுட்டை. ஏன் அப்படி என்று கேட்டவளுக்குப் பக்கத்து வீட்டுப் பாட்டி விளக்கினார்: சேவல் சேராத முட்டையாக இருக்கும், இல்லையென்றால் ஓரத்தில் கிடந்து சூடு பற்றாமல் போயிருக்கும். பள்ளியில் அவளைக் கூமுட்டை என்று திட்டியிருந்தார்கள். அன்றைக்குத்தான் அதை என்னிடம் சொன்னாள்.

படிக்க ஆரம்பித்ததும் அந்தத் தாள்களில்தான். மேஷம் லாபம், ரிஷபம் செலவு என்று ராசிக்கு ஒரு வார்த்தை இருக்குமே, தன் ராசிக்கு என்ன போட்டிருக்கிறது என்று தினமும் கேட்க வருவாள். நான் விரல் வைத்துப் படித்துக்காட்டுவேன். ஒருநாள் வருவது நின்றுபோனது. அவளே படித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு பிள்ளையின் கதையை வைத்து எப்படி நம்புவது என்று கேட்பீர்கள். நியாயம்தான். 1929-ல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் மான்செஸ்டர் நகரில் பள்ளிக் கண்காணிப்பாளராக இருந்தவர் எல்.பி.பெனசெட். சில வகுப்புகளில், ஆறாம் வகுப்பு வரும்வரை முறையான கணக்குப் பாடத்தையே நிறுத்திவிட்டார். அந்த நேரத்தில் பிள்ளைகளைப் பேசவும் கண்டதை விவரிக்கவும் விட்டார். ஆறாவதில் கணக்கைத் தொடங்கிய அவர்கள், அந்த ஒரே வருடத்தில் மற்ற பிள்ளைகளை எட்டிப்பிடித்தார்கள். இது பள்ளிக்குள் நடந்ததுதான். ஆனாலும் எட்டு வயதில் கணக்கு வரவில்லை என்றால் எல்லாம் போயிற்று என்ற பயத்துக்கு இது நல்ல மருந்து.

உங்கள் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். 14 குழி, குழிக்கு ஐந்து என்று வைத்தால் 70 காய். எதை அள்ளினால் கடைசிக் காய் எங்கே விழும், அடுத்ததை அள்ளினால் எதுவரை ஓடும், எந்த வெற்றுக்குழியைத் துடைத்து எவ்வளவு எடுக்கலாம் என்று அள்ளுவதற்கு முன்னாலேயே தெரிந்தால்தான் உங்கள் மாமியாரைப் போன்ற பழுத்த ஆட்டக்காரரை ஜெயிக்க முடியும். அவனுக்குக் கணக்கு தெரியாது என்று சொல்பவரே பாதி நாள் அந்தக் கணக்கில் தோற்கிறார். நீங்கள் இதை அவரிடம் வாதமாகச் சொல்ல வேண்டாம். அடுத்த தடவை தோற்றதும், "இந்தக் குழிய எடுக்கணும்னு உனக்கு எப்படிறா தெரிஞ்சுது?" என்று அவரையே கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் குறுக்கே பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அவன் சொல்வதை அப்படியே எனக்கு எழுதுங்கள். எனக்கும் தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

அன்புடன்,
அக்கா